ஃபால்ட்டி டவர்ஸ் முழுத் தொகுப்பு: மானுவெலுக்காகவே வாங்கலாம்

ஃபால்ட்டி டவர்ஸ் பிபிசியின் பழைய நகைச்சுவைத் தொடர், நான் சொல்லப்போவது அதன் டிவிடி பெட்டியைப் பற்றி. முதலில் பிளேயர் விஷயத்தைப் பேசிவிடலாம். டிவிடி எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதற்கு ரீஜன் என்று ஓர் எண் உண்டு. பிரிட்டனில் விற்கும் டிவிடி ரீஜன் 2. நம் நாடு ரீஜன் 5. அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் பழைய பிளேயரில் இதைப் போட்டால் ஓடாமல் போக வாய்ப்பு அதிகம். எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் இருந்தால் சரி, இல்லையென்றால் டிவிடி டிரைவ் உள்ள கணினியாகத் தேடிப் பிடியுங்கள். எனக்கு லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகன் வாங்கி வந்தான். சூட்கேஸில் இருந்து எடுக்கும்போது அட்டையின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2009-இல் படத்தைச் சுத்தம் செய்து வெளியிட்ட பதிப்பு இது. ஆங்கில சப்டைட்டில் உண்டு. அது இல்லையென்றால் நாயகனாக நடித்த ஜான் கிளீஸ் கத்துகிற வேகத்துக்கு என் காது ஈடுகொடுத்திருக்காது.

உள்ளே இருப்பது மொத்தம் 12 எபிசோடு. நம் சீரியல்கள் இரண்டே வாரத்தில் தாண்டிவிடும் கணக்கு. முதல் 6 எபிசோடு 1975-இல் பிபிசி இரண்டாம் அலைவரிசையில் வந்தது, அடுத்த 6 வருவதற்கு 1979 ஆகிவிட்டது. அதிலும் கடைசி எபிசோடு வேலைநிறுத்தத்தால் தள்ளிப்போய் அக்டோபரில்தான் ஒளிபரப்பானது. எழுதியவர்கள் ஜான் கிளீஸும் கோனி பூத்தும். முதல் பாதி வந்தபோது கணவன் மனைவி, இரண்டாம் பாதி வருவதற்குள் விவாகரத்து ஆகிவிட்டது. அப்படியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி, சேர்ந்து நடித்தும் முடித்திருக்கிறார்கள். 2000-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அந்நாட்டின் சிறந்த 100 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டபோது முதலிடம் இதற்குத்தான்.

கதை எளிது. டார்க்கே என்ற கடற்கரை ஊரில் ஒரு சின்ன ஹோட்டல். அதன் ஓனர் பேசில் ஃபால்ட்டி, நடித்தவர் கிளீஸ். கெஸ்ட் வந்தாலே எரிச்சல், பிரபு யாராவது வந்தால் மட்டும் குழைவு. மனைவி சிபிலைக் கண்டால் நடுக்கம். இந்த ஆள் முழுக் கற்பனை கிடையாது. 1970-இல் கிளீஸின் நகைச்சுவைக் குழு அந்த ஊரில் கிளெனீகிள்ஸ் என்ற ஹோட்டலில் தங்கியது. அதன் உரிமையாளர் டொனால்ட் சின்க்ளேர், குழுவில் ஒருவருடைய பையை வெடிகுண்டோ என்று பயந்து மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தாராம். மற்றவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட, கிளீஸ் மட்டும் அங்கேயே தங்கி அவரைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேசிலைப் பற்றித்தான் எழுதுவார்கள். நியாயம்தான், ஆறரை அடியை நெருங்கும் மனிதர் கைகால்களை வீசிக் குதித்தால் கண் அங்கேதான் போகும். நான் கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் டைனிங் ஹாலில் ட்ரே தூக்கி ஆரம்பித்து, வெயிட்டர்களை மேற்பார்க்கும் கேப்டனாக ஓய்வு பெற்றவன். என் கண் போவது வெயிட்டரின் மேல். அந்த மானுவெலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸுக்காகத்தான் இந்தப் பெட்டியை வாங்கச் சொல்கிறேன்.

முதல் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். காலை டிபன் நேரம். ட்ரேக்களில் வெண்ணெய் அதிகமாக இருக்கிறது என்கிறார் பேசில். ஸ்பெயினிலிருந்து வந்த மானுவெலுக்கு அந்த ஆங்கிலம், தன் மொழியில் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதுபோல் காதில் விழுகிறது. பாவம், முதலாளிக்கு உச்சரிப்பு சரியாக வரவில்லை என்று நினைத்து, விரல் விட்டுத் திருத்தமாக எண்ணிக் காட்டுகிறான். இந்த இடத்தில் சாக்ஸின் முகத்தைப் பாருங்கள். முட்டாள்தனம் துளியும் இல்லை. தெரியாதவருக்குச் சொல்லித்தரும் வாத்தியாரின் பொறுமை இருக்கிறது. வேறு நடிகராக இருந்தால் அசடு வழிந்து சிரிப்பை வாங்கியிருப்பார். இவர் முதலாளிக்கு உதவி செய்துவிட்ட திருப்தியோடு நிற்கிறார். அந்தத் திருப்திதான் பேசிலை வெறியேற்றுகிறது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் தெரியாதவன் கெஸ்ட் சொன்னது புரியாமல் 'எஸ் சார்' என்று சொல்லிவிட்டு நேராகக் கிச்சனுக்கு வந்து விழிப்பான். அந்த 'எஸ் சார்' வரும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி வருமே, அதை எந்த நடிப்புப் பள்ளியிலும் கற்றுத்தர முடியாது என்று நினைத்திருந்தேன். சாக்ஸ் அதை அப்படியே பிடித்திருக்கிறார். புரியாத கட்டளைக்கும் உடம்பு முதலில் கிளம்பிவிடும். மூளை இரண்டடி பின்னால் வரும்.

இந்த மனிதர் ஸ்பானியர் இல்லை, பிறப்பால் ஆங்கிலேயரும் இல்லை. 1930 ஏப்ரல் 7 அன்று பெர்லினில் பிறந்தவர். பெயர் ஆண்ட்ரியாஸ் சீக்ஃப்ரீட் சாக்ஸ். அப்பா ஹான்ஸ் காப்பீட்டுத் தரகர், யூதர். அம்மா கத்தோலிக்கர், நூலகத்தில் வேலை. ஹிட்லர் ஆட்சியில் ஒருநாள் குடும்பத்தோடு உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகன் கண்ணெதிரிலேயே அப்பாவைப் பிடித்துப் போனார்கள். காவல்துறையில் தெரிந்தவர் ஒருவர் இருந்ததால் வெளியே வந்தார். 1938-இல் குடும்பம் லண்டனுக்குத் தப்பி வந்தது. அப்போது பையனுக்கு 8 வயது, ஆங்கிலம் தெரியாது. பிறகு வட லண்டனில் கில்பர்ன் பகுதியிலேயே ஆயுள் முழுக்க வாழ்ந்துவிட்டார். வேற்று மொழிக்காரர்கள் நடுவில் முகத்தைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்கும் வேலையை இவர் சின்ன வயதிலேயே செய்தவர் என்று தெரிந்த பிறகு பழைய எபிசோடுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மானுவெல் எப்போதும் பேசுகிறவரின் வாயை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

நடிப்பில் அவருக்குப் பட்டறை கேலிக்கூத்து நாடகங்கள். லண்டன் ஒயிட்ஹால் தியேட்டரில் பிரையன் ரிக்ஸ் என்பவர் வருடக்கணக்கில் ஓட்டிய நாடகங்கள் உண்டு: ஆறு கதவு, ஓட்டம், ஒளிதல், கால்சட்டை அவிழ்தல். 1958-இல் அந்தக் குழுவில் சாக்ஸ் வந்து சேர்ந்தார். அந்த மாதிரி நாடகத்தில் ஒரு கதவு அரை நொடி தாமதமாகத் திறந்தாலும் சிரிப்பு போய்விடும். பிறகு 1973-இல் அலெக் கின்னஸ் நடித்த ஒரு நாடகத்தில் சின்ன வேடத்தில் இவரைப் பார்த்த கிளீஸ், மனதில் குறித்து வைத்துக்கொண்டார். மானுவெல் வேடம் வந்தபோது சாக்ஸுக்குத் தயக்கம். ஸ்பானிய உச்சரிப்பு தனக்கு வருமா என்று தெரியாமல், ஜெர்மன்கார வெயிட்டராக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். நல்லவேளை, கிளீஸ் கேட்கவில்லை. தொடர் ஆரம்பித்தபோது சாக்ஸுக்கு 45 வயது. தன்னைவிடச் சின்னவரான கிளீஸிடம் காதைத் திருகக் கொடுத்துக்கொண்டு, இருபது சொச்சம் வயதுப் பையன் மாதிரி ஓடுகிறார்.

இங்கே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அடிதடி நகைச்சுவையில் அடிப்பவருக்குப் பேர் கிடைக்கும், ஆனால் வேலை முழுக்க அடி வாங்குகிறவருடையது. கிளீஸ் கையை ஓங்குவதைக் கவனியுங்கள், பாதி நேரம் கை எங்கே விழுகிறது என்றே தெரியாது. வலி எங்கே, எவ்வளவு என்று நமக்குச் சொல்வது சாக்ஸின் கழுத்தும் முழங்காலும். கரண்டியால் நெற்றியில் தட்டுகிறார் பேசில், மானுவெலின் கண் மட்டும் ஒரு நொடி மூடித் திறக்கிறது. அப்புறம் உடனே அடுத்த கட்டளைக்குத் தயார். வலியை அவன் நம் முன்னால் வைத்துப் பரிதாபம் கேட்பதே இல்லை. கேட்டிருந்தால் நம்மால் சிரிக்க முடியாது, பேசில் மேல் கேஸ் போடலாமா என்று யோசித்திருப்போம். நாகேஷைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. விழுந்து எழுந்த கையோடு தூசு தட்டிக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போகிற உடம்பு அவருக்கும் இருந்தது.

நிஜமாகவே அடி விழுந்ததும் உண்டு. கல்யாண வீட்டார் வந்து தங்கும் மூன்றாவது எபிசோடில், திருடன் என்று நினைத்து மானுவெலின் தலையில் பேசில் பாத்திரத்தால் அடிக்கும் காட்சி. அது உண்மையான உலோகப் பாத்திரம். அடி கணக்கு தப்பி விழ, சாக்ஸ் தலை கிறுகிறுத்துப்போய்ப் பிறகும் தலைவலியோடு இருந்திருக்கிறார். அதைவிட மோசம் ஆறாவது எபிசோடில். கிச்சனில் தீப்பிடித்து மானுவெல் புகை வரும் உடையோடு ஓடிவர வேண்டும். புகைக்காகச் சட்டையில் தடவிய ரசாயனம் துணியைத் தாண்டித் தோலில் இறங்கி, கையிலும் முதுகிலும் காயமாக்கிவிட்டது. பிபிசி அதற்கு 700 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அந்தக் காட்சியை இப்போது பார்க்கும்போது என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் திருப்பவில்லை. ஆனால் முன்பு மாதிரி வாய்விட்டுச் சிரிப்பும் வருவதில்லை.

அந்த ஆறாவது எபிசோடுதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஜெர்மன் கெஸ்ட்கள் வந்திருக்கிறார்கள். தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்த பேசில், போரைப் பற்றிப் பேசக்கூடாது என்று எல்லோரையும் எச்சரித்துவிட்டு, தானே வாயைத் திறந்தபோதெல்லாம் போரைப் பற்றியே பேசி, கடைசியில் ஹிட்லர் மாதிரி கால் தூக்கி நடக்கிறார். 2020-இல் ஒரு பிரிட்டிஷ் ஒளிபரப்பு நிறுவனம் இதைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் எச்சரிக்கைக் குறிப்போடு திரும்ப வைத்தது. அந்தச் சர்ச்சையில் எத்தனை பேருக்கு ஞாபகம் வந்ததோ தெரியாது: அந்த ஹோட்டல் ஊழியர்களில் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதக் குழந்தை ஒருவர் வெள்ளை ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடித்துக்கொண்டிருந்தார். அதே எபிசோடில் எனக்குப் பிடித்தது வேறு காட்சி. ரிசப்ஷன் மேசைக்கு அடியில் குனிந்து வேலை செய்தபடி மானுவெல் ஆங்கிலம் பேசிப் பழகுகிறான். மேசைமேல் சுவரில் மாட்டுவதற்காக வைத்த காட்டுமான் தலை. அங்கே வரும் வயதான மேஜர், மான்தான் பேசுகிறது என்று நம்பி மரியாதையாக உரையாட ஆரம்பிக்கிறார். அந்த நேரம் சாக்ஸின் முகமே திரையில் இல்லை, குரல் மட்டும். புத்தகத்தில் படித்து ஆங்கிலம் கற்றதாக மான் பெருமைப்படுகிறது.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்றால், ரேடியோவிலிருந்து. நம் ஊரில் சாக்ஸை மானுவெலாக மட்டும் தெரிந்தவர்களுக்கு இது சொல்ல வேண்டிய விஷயம். பிபிசி ரேடியோவில் அவர் நடிகர் மட்டுமல்ல, எழுத்தாளரும்கூட. 1978-இல் 'தி ரிவெஞ்ச்' என்ற நாடகத்தை எழுதி நடித்தார், அதில் ஒரு வார்த்தைகூட வசனம் கிடையாது. ஓடுகிற காலடி, மூச்சு, தண்ணீர், கதவு, அடி, இவ்வளவுதான். ஒருவன் தப்பி ஓடுகிறான், பழி வாங்குகிறான் என்பதைக் காதால் மட்டுமே கண்டுபிடிக்க வேண்டும். பேச்சு வராத வெயிட்டரை நடித்தவர், பேச்சே இல்லாத ரேடியோ நாடகம் எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பிறகு பாதிரியார் துப்பறிவாளர் ஃபாதர் பிரவுனாக ரேடியோவில் வந்தார். 2002 முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரில் டாக்டர் வாட்சன், கிளைவ் மெரிசன் ஹோம்ஸ். வாட்சனும் ஒருவகையில் கேட்டுக்கொண்டிருக்கிற வேலைதான். இவை எதுவும் இந்தப் பெட்டியில் இல்லை. இருக்க நியாயமும் இல்லை, இருந்தாலும் மனம் எதிர்பார்க்கிறது.

அவர் டிவியில் வேறு எதுவும் செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். 1980-இல் பிபிசி தொடர் ஒன்றில் மிஸ்டர் பாலி என்ற கதாநாயக வேடம். குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கும் ஆவணப் படங்களுக்கும் பின்னணிக் குரல். 2009-இல் 'கொரொனேஷன் ஸ்ட்ரீட்' என்ற, பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக ஓடும் மெகா சீரியலில் ஒரு பாத்திரத்தின் சகோதரராக வந்தார். மானுவெல் பெயரில் பாட்டு ரெக்கார்டுகூடப் போட்டார், அதைப் பற்றிப் பேசாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. மீசையை எடுத்துவிட்டால் தெருவில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியாது. குணச்சித்திர நகைச்சுவை நடிகருக்கு அது வரமா சாபமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மார்க்கெட்டுக்குப் போய்வர வசதி என்பது என் கருத்து.

2008-ஐத் தாண்டிப் போக முடியாது. பிபிசி ரேடியோவில் ரஸ்ஸல் பிராண்டும் ஜோனதன் ராஸும் சேர்ந்து 78 வயது சாக்ஸின் வீட்டு ஆன்சரிங் மெஷினில், அவருடைய பேத்தியைப் பற்றிக் கொச்சையான செய்திகளை விட்டு, அதை ஒலிபரப்பியும் விட்டார்கள். நாடே கொந்தளித்தது. பிராண்ட் விலகினார், ராஸ் 12 வாரம் சம்பளமில்லாமல் ஒதுக்கி வைக்கப்பட்டார், அந்த அலைவரிசையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பதவியை விட்டார், பிபிசிக்கு 1,50,000 பவுண்டு அபராதம். இந்த நாடகத்தில் குரலை உயர்த்தாமல் இருந்தவர் சாக்ஸ்தான். சிரிப்பு நடிகர்தானே, சும்மா ஒரு விளையாட்டு என்று அந்த இருவரும் நினைத்திருக்கலாம். ஒரு பெரியவரின் வீட்டுப் போனை எடுத்து இப்படிப் பேசுவது எந்த ஊரில் விளையாட்டு?

2012-இல் அவருக்கு மறதிநோய் கண்டறியப்பட்டது. பேச்சும் ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. 2016 நவம்பர் 23 அன்று, வயதான நடிகர்களுக்காக நடத்தப்படும் டென்வில் ஹால் இல்லத்தில் காலமானார். அடக்கம் முடிந்த பிறகுதான் செய்தி பரவலாக வெளியே தெரிந்தது.

சரி, பெட்டிக்குத் திரும்புவோம். படத் தரம்: 70-களின் பிபிசி வழக்கப்படி உள்காட்சிகள் வீடியோ டேப், வெளிக்காட்சிகள் ஃபிலிம். அதனால் பேசில் வாசலைத் தாண்டிக் காருக்குப் போனதும் படத்தின் நிறமும் அசைவும் சட்டென்று மாறும். டிவி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். எவ்வளவு சுத்தம் செய்தாலும் இது 50 வருடத்துப் படம், 55 அங்குல டிவியில் முகங்கள் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். சத்தம் தெளிவு. ஸ்டூடியோவில் நேரில் உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பு அது, ஒட்டவைத்த சிரிப்பு இல்லை. சில இடங்களில் சிரிப்பு அடங்குவதற்காகச் சாக்ஸ் அசையாமல் காத்திருப்பது தெரியும். தொடக்கத்தில் காட்டுகிற அந்த வெள்ளைக் கட்டிடத்தைத் தேடி டார்க்கேவுக்கு டிக்கெட் போடாதீர்கள். அது பக்கிங்காம்ஷயரில் இருந்த ஒரு கிளப், 1991-இல் எரிந்துபோனது.

ஒவ்வொரு எபிசோடுக்கும் கிளீஸின் பேச்சு விளக்கம் உண்டு. நல்ல தகவல்கள் இருக்கின்றன, முதல் தடவை பார்க்கும்போது போடாதீர்கள். ஒரு நகைச்சுவை எப்படிக் கட்டப்பட்டது என்று கட்டியவரே சொல்லக் கேட்பது சமையல்காரர்களுக்குப் பிடிக்கும், சாப்பிட வந்தவர்களுக்குப் பிடிக்குமா என்பது சந்தேகம். இன்னொரு குறை, என் குறை: அடி வாங்கியவர் பக்கத்து விளக்கம் இன்னும் நிறைய வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்காரனை வைத்துக் கேலி செய்கிறார்களே, இது சரியா என்று என் மகள் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். அதே காலத்து 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அங்கே ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரு பட்டம், அந்தப் பட்டத்தைத் தாண்டி அவர்கள் அசைவதில்லை. மானுவெலின் கதை வேறு. தப்பு நடந்ததும் அவன் பார்சிலோனாக்காரன் என்று கெஸ்டிடம் பழி போடுகிற பேசில்தான் குறைந்த கூலிக்கு அவனை எடுத்தவர். தனக்கு ஸ்பானியம் தெரியும் என்று பீற்றிக்கொண்டு ஒரு வாக்கியம்கூட உருப்படியாகப் பேசாதவரும் அவர்தான். அந்த ஹோட்டலில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் மானுவெல். இதையெல்லாம் சொன்ன பிறகும், ஒரு ஸ்பானியர் இதைப் பார்த்து முகம் சுளித்தால் நான் வாதாட மாட்டேன். ஸ்பெயினில் டப்பிங் செய்தபோது அவனை இத்தாலிக்காரனாக்கி, பாவ்லோ என்று பெயரும் மாற்றிவிட்டார்கள்.

பொய் சொல்லத் தெரியாது என்றேன். அதற்குச் சாட்சி 1979-இன் முதல் எபிசோடு. மனைவிக்குத் தெரியாமல் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பணத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று மானுவெலிடம் சத்தியம் வாங்குகிறார் பேசில். பிறகு நிலைமை தலைகீழாகி, அந்தப் பணம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அதே மானுவெலைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். மானுவெல் நெஞ்சை நிமிர்த்தி, எதிரில் நிற்கும் அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்து, தனக்கு எதுவுமே தெரியாது என்று அறிவிக்கிறான். சொல்லிவிட்டுப் பேசிலைப் பார்க்கிறான் பாருங்கள், மெடல் குத்திவிடுவார் என்று எதிர்பார்க்கிற பார்வை. முதலாளி சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய வேலைக்காரனால் வரும் ஆபத்தை என்னைவிட நன்றாக யார் அறிவார்கள். புதுப் பையன்கள் கே.ஓ.டி-யில், அதாவது கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டில், எழுதியதை அப்படியே எடுத்துவந்து வைத்துவிட்டு, கெஸ்ட் கோபப்படுவது ஏன் என்று புரியாமல் நிற்பார்கள்.

முதல் தடவை பார்க்கிறவர்கள் வரிசைப்படி பார்க்க வேண்டிய அவசியமில்லை, தொடர்கதை எதுவும் கிடையாது. மேலே சொன்ன பந்தய எபிசோடில் ஆரம்பியுங்கள். அடுத்து, ஹோட்டலில் கட்டிட வேலை நடக்கும் இரண்டாவது எபிசோடு. ரிசப்ஷனைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மானுவெல், போன் செய்கிற பேசிலிடமே ஃபால்ட்டி இங்கே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அதோடு போகவில்லை. வந்திருக்கும் தாடிக்கார மேஸ்திரியை உராங்குட்டான் என்று சொல்லிவிட்டு வா என்று பேசில் போனில் உத்தரவு போட, மானுவெல் நேராகப் போய் அவரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுகிறான். அடி யாருக்கு விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து பார்க்க இவை இரண்டும் நல்லவை. பிணத்தை வைத்துக்கொண்டு அலையும் எபிசோடைச் சாப்பாட்டு நேரத்தில் தவிர்க்கலாம்.

எலி எபிசோடைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைபீரிய வெள்ளெலி என்று நம்பி மானுவெல் ஒரு எலியைச் செல்லமாக வளர்க்க, சுகாதார ஆய்வாளர் ஹோட்டலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். அதில் டைனிங் ஹால் காட்சிகளைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். கெஸ்டாக வரும் திருமதி டெய்லராக நடித்திருப்பவர் மெலடி லாங், 1960-இல் சாக்ஸை மணந்து கடைசிவரை கூட இருந்தவர்.